ஆகாயத்தாமரைக்குக் காவல்

ஜாதகம் பொருந்தாமல் நின்றுபோன கல்யாணம் உண்டு. சீர்வரிசைத் தகராறில் நின்றுபோன கல்யாணமும் உண்டு. ஒரு களைச்செடி குறுக்கே விழுந்து நிற்கப் பார்த்த கல்யாணம் எனக்குத் தெரிந்து என்னுடையது ஒன்றுதான். சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அவர்கள் அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பா செடிக்குக் காவல் இருந்தாகல்லா, அதைக் கேளுங்க" என்று போட்டுக் கொடுத்துவிடுகிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு, டவுன் பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊரில். தாமிரபரணியில் பிரிந்து வரும் கால்வாய் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். ஊருக்குள் அதற்கு ஒரு படித்துறை. படித்துறைக்குக் கீழே வரிசையாக வயல்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், கடைமடையில், என் தாய்மாமாவின் வயல். மாமாவுக்கு ஒரே மகள். நான் அரைக்கால் சட்டையும் அவள் பாவாடையுமாகத் திரிந்த காலத்திலேயே அவள் எனக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தவர்களுக்கு அது மறந்துபோயிருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

மாமா முன்கோபி. கோபம் வந்தால் மண்வெட்டியைத் தேடுவார். யாரையும் வெட்டுவதற்கில்லை, வயலுக்குப் போய் வரப்பு வெட்டுவதற்கு. அதனால் எங்கள் ஊரிலேயே லட்சணமான வரப்பு மாமாவின் வயல் வரப்புதான். அத்தை வாய்க்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

முந்தின வருடத்து மழையில் மேலே ஏதோ ஒரு குளம் நிறைந்து வழிந்தபோது ஆகாயத்தாமரை எங்கள் கால்வாய்க்கு வந்து சேர்ந்தது. முதலில் நாலைந்து செடிதான் மிதந்தன. தண்டு உருண்டையாக உப்பி, மேலே ஊதாப் பூ. அன்றைக்கே ஆளுக்கொன்றாக எடுத்துக் கரையில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து ரசித்தார்கள். படித்துறைக்குத் தினமும் குளிக்க வரும் பாத்திரக்கடை அண்ணாச்சி, "படித்துறைக்கே ஒரு களை வந்துட்டு" என்றார். அவர் சொன்னது முகக்களை. ஒரு பெண் பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அது பஸ் நிறுத்தம் போவதற்குள் வாடித் தொங்கிவிட்டது.

அடுத்த ஆவணிக்குள் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. கரைக்குக் கரை பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. ஒரு நாய் அதைத் தரை என்று நம்பி ஓடி, நடுக்கால்வாயில் காணாமல் போய், வேறு இடத்தில் வெளியே வந்து, அதற்கப்புறம் எங்கள் தெருவில் எந்தத் தரையையும் நம்பாமல் முகர்ந்து முகர்ந்து நடந்தது. குளிக்கிறவர்கள் இரண்டு கையாலும் செடியை விலக்கிவிட்டு அந்த இடைவெளியில் முங்குவார்கள். எழும்போது தலையில் ஒரு செடி கிரீடம்போல உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி அப்படி எழுந்த ஒரு காலையில்தான் அதை ஒழிக்க ஒரு கழகம் ஆரம்பிப்பது என்று முடிவானது.

கழகத்துக்கு அண்ணாச்சி தலைவர். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மற்றவர்கள் உறுப்பினர்கள், அதாவது கூட்டத்துக்கு வந்து மிக்சர் சாப்பிடுகிறவர்கள். குனிந்து செடியைப் பிடுங்கினால் அந்தக் கூட்டமே போதும், ஒரு வாரத்தில் படித்துறை சுத்தமாகியிருக்கும். ஆனால் தொடக்க விழா வேண்டும் என்றார் அண்ணாச்சி.

"தம்பி, தொடங்கி வைக்காம ஒரு காரியத்தைத் தொடங்கலாமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து முதல் செடியைப் பிடுங்கட்டும். பிறவு நாம பிடுங்குவோம்."

எங்கள் ஊரில் தொடங்கி வைக்க ஆள் இல்லாமல் எதுவும் தொடங்கியதில்லை. குழாயடிக்குக் கூட ரிப்பன் வெட்டித்தான் குடம் வைத்தார்கள். ஆகவே யாரும் மறுக்கவில்லை.

இந்த இடத்தில் மாமா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பிசானத்துக்கு, அதாவது ஐப்பசி வாக்கில் நடுகிற நெல் போகத்துக்கு, அவர் கிணற்றுத் தண்ணீரை வைத்து நாற்றுப் பாவியிருந்தார். அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் நடவு. கால்வாய் இப்படி அடைத்துக் கிடந்தால் தண்ணீர் படித்துறையைத் தாண்டாது, மேலே இருக்கிறவர்கள் வயலிலேயே நின்றுவிடும். நாற்று முற்றிப்போனால் நட்டும் பயனில்லை. என் அம்மா ஒருநாள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது மாமா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"பிசானம் விளைஞ்சா வைகாசியில கல்யாணம். விளையலைன்னா இந்த வருசம் பேச்சே கிடையாது. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பேங்க் மாப்பிள்ளை வீட்டுலயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நீதான் செயலாளராமே. செயலைக் காட்டுலே, பாப்போம்."

அன்றைக்கு ராத்திரியே அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அதிகாரியிடம் சீக்கிரம் தேதி வாங்கச் சொன்னேன்.

அதிகாரி முதலில் ஒரு தேதி கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு மதுரையில் கூட்டம் வந்துவிட்டது. அடுத்த தேதிக்கு மந்திரி வருகை குறுக்கிட்டது. மூன்றாவதாக அவரே ஒரு நாள் சொன்னார், அது அஷ்டமி என்று நாங்கள் வேண்டாம் என்றோம். மாமா அதைக் கேள்விப்பட்டு, "களை பிடுங்க நாள் பாக்கிற கூட்டத்தை இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு இரண்டு வரப்பு புதிதாயிற்று.

இதற்கு நடுவே இன்னொரு சிக்கல். அதிகாரி வரும்போது பிடுங்குவதற்குச் செடி நன்றாக இருக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. படிக்கட்டுக்கு நேரே பூத்து நிற்கிற பகுதியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். உறுப்பினர்கள் முறை வைத்துக் காவல் இருந்தோம். எருமைகள் தண்ணீரில் இறங்கி மிதித்துவிடும் என்று அவற்றை விரட்டினோம். எருமைக்காரர் கோபித்துக்கொண்டார்.

"அழிக்கதுக்குத்தானவே கழகம் வச்சிருக்கீரு? என் எருமை அழிச்சா உமக்கென்ன?"

"அது முறைப்படி அழியணும் வே" என்றார் அண்ணாச்சி.

மாமா மகள் அப்போது பாளையங்கோட்டைக் கல்லூரியில் தாவரவியல் கடைசி வருடம். நாங்கள் இருவரும் ஒரே பஸ். அவள் முன்பக்கம், நான் பின்பக்கம். இறங்கி நடக்கும்போது நாலு வார்த்தை பேசலாம், அந்த நாலு வார்த்தையையும் அவளே பேசிவிடுவாள்.

"அத்தான், நீங்க தேதி மாத்த மாத்த அது குட்டி போடுது. ஒரு செடி பக்கத்துல கொடி விட்டு இன்னொரு செடி ஆவும். அதிகாரிக்கு அது தெரியாது, அதுக்கும் அதிகாரியைத் தெரியாது."

"நான் என்ன செய்ய? அண்ணாச்சி கேக்கணும்லா."

"நீங்க காவல் இருங்க. நான் பேங்க் மாப்பிள்ளை போட்டோவைப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா நிஜமாகவா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கும் முடியவில்லை.

கடைசியில் அதிகாரி வரும் தேதி உறுதியாயிற்று. சுவரொட்டி ஒட்டினோம். மைக் செட்டுக்குச் சொன்னோம். மேளத்துக்குச் சொன்னோம். அணை திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஓரிரு நாளில் நம் பக்கம் வரும் என்ற செய்தியும் வந்தது. மாமா இதற்குமேல் பொறுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் அலுவலகத்திலும் கடையிலும் இருந்த நேரமாகப் பார்த்து, கடைமடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்கு வந்தார். கம்பில் அரிவாளைக் கட்டி இழுத்து, கால்வாய் முழுவதையும் சுத்தம் செய்து, செடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டுப் பாறையில் காயப் போட்டுவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் கால்வாயில் வானம் தெரிந்தது. எத்தனை மாதத்துக்கப்புறம் பார்க்கிறேன். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது அண்ணாச்சி தன் மொபெட்டில் வந்து நின்றார். கால்வாயை மேலும் கீழும் பார்த்தார். திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர் குரலில் கேட்டார்.

"எங்கவே அது?"

"மாமா எடுத்துட்டாக, அண்ணாச்சி."

"அம்புட்டையுமா? ஒண்ணுகூட விடலியா? நாளைக்கு அந்த மனுசன் வந்து எதைப் பிடுங்குவாரு?"

விழாவை நன்றி விழாவாக மாற்றிவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சுவரொட்டியில் ஒழிப்பு விழா என்று போட்டாயிற்றே என்றார். ஒழிப்பதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். உடனே ஒரு டிராக்டர் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் ஆகாயத்தாமரையைத் தேடி வந்து கேட்கிறவனை வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். தாங்களே இறங்கி டிரெய்லர் தளும்பத் தளும்ப ஏற்றிவிட்டார்கள். "இன்னும் வேணும்னாலும் வாங்க அண்ணாச்சி, இது உங்க குளம் மாதிரி" என்று வழியனுப்பினார்கள். அதைக் கொண்டுவந்து படித்துறைக்கு நேரே இறக்கினோம். வந்தது எங்கள் செடியைவிட வாளிப்பு.

விடிந்தால் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. இறக்கின செடி பைய நகர ஆரம்பித்தது. சிறப்பு விருந்தினர் வருவதற்குள் சிறப்பு விருந்து போய்விடும் போலிருந்தது. அண்ணாச்சி தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து துணி காயப் போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து வந்தார். அதில் கிளிப் இரண்டு அப்படியே இருந்தன. கயிற்றைக் கால்வாய்க்குக் குறுக்கே இரண்டு கரையிலும் முளை அடித்துக் கட்டி, செடியை மறித்து நிறுத்தினோம். ரிப்பன் கட்ட வேறு இடம் இல்லாததால் ரோஸ் ரிப்பனையும் அந்தக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் சலவை வேட்டியும் சட்டையில் செயலாளர் என்று குத்தின பட்டுப் பூவுமாக, முளை பிடுங்கிக்கொள்ளாமல் அதன்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி வெயில் ஏறினபிறகு வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். அண்ணாச்சி வரவேற்புரையை உலகத்தில் தண்ணீர் எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் பேசப் பேச என் காலுக்கடியில் முளை ஆடிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அதிகாரி படியிறங்கி ஒரு செடியைத் தூக்கினார். அதன் வேர்க்கொத்து தாடி மாதிரி நீளமாகத் தொங்கி, அவர் பேண்ட் முழுக்கத் தண்ணீரை வடித்தது. போட்டோக்காரர் ஃப்ளாஷ் எரியவில்லை என்றார். அதிகாரி செடியைத் திரும்பத் தண்ணீரில் போட்டு இன்னொருமுறை பிடுங்கினார். பூ அழகாக இருக்கிறதே, தன் பங்களாத் தொட்டியில் விடலாமே என்று அதை டிரைவரிடம் கொடுத்துக் காரில் வைக்கச் சொன்னார். அவரிடம் யார் என்ன சொல்ல முடியும்?

அடுத்து தட்டில் கத்தரிக்கோல் வந்தது. தையல்கடையிலிருந்து வாங்கி வந்தது, நல்ல பதம். அதிகாரி ரிப்பனைப் பார்த்தார். ரிப்பன் கயிற்றோடு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். மேளக்காரர் பழக்க தோஷத்தில் கெட்டிமேளமே வாசித்துவிட்டார். டிரெய்லர் நிறைய ஆகாயத்தாமரை ரோஸ் ரிப்பனோடும் இரண்டு கிளிப்போடும் கீழே கிளம்பியது.

கீழே என்றால் மாமா.

அன்று காலையில்தான் மாமா நாற்றைப் பிடுங்கி முடி முடியாகக் கட்டி வரப்பில் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பிடுங்கின நாற்று காத்திருக்காது. நான் முளையை விட்டுவிட்டுக் கரையோடு ஓடினேன். உறுப்பினர்கள் சாப்பாட்டுப் பந்தலுக்கு முந்துகிறேன் என்று நினைத்து என் பின்னாலேயே ஓடிவந்து, பந்தல் வந்ததும் நின்றுகொண்டார்கள்.

நான் போய்ச் சேருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது. மாமாவின் மடை வாயில் செடி மொத்தமும் போய்ச் செருகி, தண்ணீர் உள்ளே போகாமல் எதிர்க்கரையை உடைத்துக்கொண்டு தரிசில் பாய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் நாற்று முடிகள் கிடந்தன. நடவுக்கு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகியபடி நின்றார்கள். மாமா மகள் ஏற்கெனவே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் செடியை இழுத்துக்கொண்டிருந்தாள். மாமா ரோஸ் ரிப்பனைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"நான் வாரிப் போட்டதுதானலே இது?"

"இல்லை மாமா. இது வேற. பக்கத்து ஊருலருந்து கொண்டாந்தது."

"காசு குடுத்தா?"

"டீ குடுத்தாக."

மாமா மண்வெட்டியை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் எதிர்க்கரை உடைப்பை அடைக்கப் போய்க்கொண்டிருந்தார். நான் வேட்டியோடும் பட்டுப் பூவோடும் குதித்தேன். வேட்டி மேலே மிதந்து வந்தது. அதை மடித்துக் கட்டவும் நேரமில்லை, விடவும் வழியில்லை. ஒவ்வொரு கொத்தும் ஒரு மனுஷன் கனம். இழுத்துத் தோளில் போட்டால் வேர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நடவுப் பெண்களில் ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு இப்பவே மாலை விழுந்துட்டு" என்றாள். மாமா மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீருக்கோ மாமாவுக்கோ இல்லை, அவள் பேசாமல் இருந்ததற்கு.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி வந்தார், பின்னால் இலையிலிருந்து எழுந்து வந்த உறுப்பினர்கள். அவர் முகம் செத்துப் போயிருந்தது. கரையில் நின்று, என்ன செய்ய வேண்டும் என்று மாமாவிடம் கேட்டார். மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க எதையும் தொடங்கி வைக்க வேண்டாம். இதை முடிச்சு வச்சாப் போதும்."

அண்ணாச்சி சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினார். நான் அவரை அன்றைக்கு மன்னித்துவிட்டேன். நல்ல பலசாலி அவர், அண்டாவும் குண்டானும் தூக்கிப் பழகின கை. மற்றவர்களும் இறங்கினார்கள். வெயில் சாயும்போது மடை திறந்து தண்ணீர் சளசளவென்று மாமாவின் வயலுக்குள் ஓடியது. பெண்கள் அந்த வெளிச்சம் போவதற்குள் பாதியை நட்டு, மீதியை மறுநாள் காலையில் நட்டார்கள்.

செடியைக் கரையில் குவித்துவிட்டுப் போகலாம் என்று உறுப்பினர்கள் பார்த்தார்கள். அப்போதுதான் மாமா மகள் வாயைத் திறந்தாள்.

"கரையில போட்டா அடுத்த மழைக்கு அதுவே இறங்கிக் குளிக்கப் போயிரும். அங்கன பாறைக்குத் தூக்குங்க. ஒரு துண்டு விழுந்தாலும் குனிஞ்சு எடுங்க, அத்தான்."

அத்தான் என்றாளே, அது போதும் என்று நான் ஒவ்வொரு துண்டாகக் குனிந்து எடுத்தேன்.

அதற்கப்புறம் கழகம் கூடவே இல்லை. படித்துறைக்கு மேலே, கால்வாய் வளைகிற இடத்தில், பனைமட்டைகளை இடைவெளி விட்டு நட்டு ஒரு தடுப்பு வைத்தோம். தண்ணீர் போகும், மேலேயிருந்து வருகிற செடி அதில் மாட்டிக்கொள்ளும். குளிக்க வருகிறவன் அதில் மாட்டியதை எடுத்துப் பாறையில் எறிந்துவிட்டுத்தான் முங்க வேண்டும் என்று ஒரு பேச்சு. யாரும் அதைத் தொடங்கி வைக்கவில்லை. அண்ணாச்சிதான் தவறாமல் எடுப்பார். நாலைந்து செடி வந்தால் நாலைந்தோடு போயிற்று. அதிகாரி பங்களாத் தொட்டியைப் பற்றி மட்டும் நாங்கள் விசாரிக்கவில்லை. "அங்கயும் ஒரு விழா வரும்" என்றாள் மாமா மகள்.

பிசானம் விளைந்தது. மாமா சொன்ன சொல் மாறவில்லை. வைகாசியில் முகூர்த்தம்.

மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். தாலி கைக்கு வந்துவிட்டது, மேளக்காரர் அதே மேளக்காரர், கெட்டிமேளம் முழங்குகிறது. போட்டோக்காரரும் அவரேதான், ஃப்ளாஷைத் தட்டிக்கொண்டு, "ஒரு நிமிசம் சார்" என்றார். வாசலில் ஏதோ கார் வந்து நின்றது. அண்ணாச்சி அவசரமாக எழுந்து வாசலுக்குப் போனார். கூட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பியது, நானும் தாலியைப் பிடித்தபடி யார் என்று எட்டிப் பார்த்தேன்.

என் காதுக்குப் பக்கத்தில் மாமா குனிந்தார்.

"ஏலே, இன்னும் யாரு வரணும்? கட்டு."

கட்டினேன்.